தறி வீட்டுப் பிள்ளை ரேடியோவில் பேசும்போது

ஏகாம்பரம், நீ போட்ட கார்டு வந்து சேர்ந்தது. சுலோசனா படித்தாள். காதில் சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். தை மாதம் கல்யாணம், அதற்கு முன்னால் ரேடியோ பெட்டியை விற்றுவிடலாம், வேலூரிலிருந்து ஒருவர் வருவார், அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஒரு சாக்கு. செவிலிமேட்டுப் பெண் வீட்டார் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ மைக்கைக் கீழே வைத்தாய். வைத்ததுதான், இன்னும் எடுக்கவில்லை. மெட்ராசிலிருந்து வாராவாரம் வருகிறவன் வருவதையும் குறைத்துக்கொண்டாய். உன்னுடைய வெட்கத்தைத்தான் வேலூர்க்காரருக்கு விற்கப் பார்க்கிறாய். அதை அவர் வாங்கிக்கொண்டு போனாலும் உன்னிடமேதான் இருக்கும்.

நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சுலோசனாதான் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் ஒன்றைச் சொல்லி நான் கேட்டால், அது பாவில் ஏற்றிய இழை மாதிரி அதனதன் இடத்தில் இருக்கும். வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசுகிற லைசென்ஸுக்கு நீ பரீட்சை எழுதப் படித்த இரண்டு வருடமும் சத்தம் போட்டுத்தான் படித்தாய். சட்டம், விதி, தந்திக் குறி எல்லாம் தறியில் இருந்த என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு மேல், போன வாரம் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். அவர் யார், என்ன சொன்னார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னோடு லைசென்ஸ் வாங்கிய மற்ற பிள்ளைகளும் இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. புதிதாகப் பேச வருகிறவன் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று இதில் இருக்கும்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. கடலோரத்தில் புயல் அடித்து ஓய்ந்த வாரம். உன் லைசென்ஸ் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. நீ குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பெட்டியைப் போட்டாய். வால்வு சூடாகிறதற்கு முன்னாலேயே உனக்குக் கை பரபரத்தது. முள்ளைத் திருப்பினாய், ஓர் இடத்தில் சத்தம் இல்லாத மாதிரி இருந்தது, உடனே சுவிட்சைத் தட்டி, லைசென்ஸில் கொடுத்த உன் அழைப்புக் குறியைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டாய். கூப்பிட்டாய் என்பதா, கத்தினாய். நிறுத்தாமல் கத்தினாய். எதிர் வரிசையில் சாயம் தோய்க்கிறவர் எட்டிப் பார்த்தார். கடைசியில் நீ சுவிட்சை விட்டதும் ஒரு குரல் வந்தது. "இப்போது கூப்பிடும் நிலையம், தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் குரல் உடைந்து பக்கத்தில் எல்லாம் சிதறுகிறது. இங்கே புயல் செய்தி போய்க்கொண்டிருக்கிறது." முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். அவ்வளவுதான். நீ பெட்டியை அணைத்தாய். "நம்ம பேச்சு அங்க எடுபடாது நைனா. அவங்கள்லாம் படிச்சவங்க. தறிக்குழியிலிருந்து வந்தவன்னு குரல்லியே தெரிஞ்சிபூடும்" என்று என்னிடம் சொன்னாய். அதற்குப் பதில் இப்போது எனக்குத் தெரியும்.

போன வாரம் பகலில் வாசலில் ஒருவர் நின்று, "ரேடியோ ஏகாம்பரம் வீடு இதுதானே?" என்றார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, அறுபது வயதைத் தாண்டியவர். திண்டிவனத்தில் இருக்கிறாராம், பெயர் கோபால்சாமி, இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்தவர், உன் விலாசத்தை லைசென்ஸ்காரர்கள் புத்தகத்தில் பார்த்து, கூரைக்கு மேல் இருக்கிற கம்பியை அடையாளம் வைத்துத் தெருவைக் கண்டுபிடித்திருக்கிறார். குரலைக் கேட்டதுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "அன்னிக்கு எம் புள்ளைய நிறுத்தச் சொன்னது நீங்கதானே சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் குடையை மடக்கிக்கொண்டே, "நான்தான். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பையனோட குறி வருதான்னு கேட்டுட்டு இருக்கேன், வரவே இல்லை. உடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். ரோசம்" என்றேன். சிரித்தார். உள்ளே வரச் சொன்னேன். அன்றைக்கு முடித்தே ஆக வேண்டிய புடவை தறியில் இருந்தது, எழுந்திருக்க முடியாது. நான் குழியில், கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைப் போட எதிர்ப்பக்கம் சுலோசனா, பக்கத்துத் தறியில் உன் சித்தப்பா. மனிதரைத் தறி ஓரம் பலகை போட்டு உட்கார வைத்துவிட்டு நெய்துகொண்டே பேசினேன். நம் வீட்டில் பேச்சு எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? தறிப்பலகை அடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றித்தான் பேசுவோம். ஒரு தடவை சொன்னால் போதாது, மூன்று தடவை சொல்வோம். பதில் வருகிறதா என்று காத்திருக்க மாட்டோம், ஏனென்றால் எதிராளி இழை அறுந்தால்தான் வாயைத் திறப்பார். கொஞ்ச நேரம் ஆனது. கோபால்சாமி சார் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். நம்மால் அந்தப் புயல் செய்தி கெட்டுப்போனதா என்று நான் கேட்டதற்கு, கழுத்து நரம்பு தெரிய, "அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துடுச்சு! போய்ச் சேர்ந்துடுச்சுன்னு சொல்றேன்! மருந்து லாரி வேற வழியா போயிடுச்சு!" என்று கத்தினார்.

சுலோசனா நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, "சார், இப்ப உங்க குரல் சிதறுது" என்றாள்.

உன் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். வந்த மனிதரை அவமானப்படுத்திவிட்டாள் என்று நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிக்கிறார். "ஏம்மா, இதை அன்னிக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்னவோ கருவியில கோளாறுன்னு நினைச்சேன். கோளாறு இந்த வீட்டுல இருக்கு!" என்றார். நீ அன்றைக்குச் சொன்னதை அவரிடம் சொன்னேன். "இதுக்குப் படிப்பும் காரணம் இல்லை, பாஷையும் காரணம் இல்லை. கத்துனா யார் குரலும் உடையும். என் குரலும் உடையும், கலெக்டர் குரலும் உடையும்" என்றார். ஏகாம்பரம், இதை நீ இரண்டு தடவை படி. உன் பேச்சை அவர் குறை சொல்லவில்லை. எவ்வளவு சத்தம் போகிறது என்பதை மட்டும் சொன்னார். மைக் என்பது பக்கத்துத் தறிக்காரர் இல்லை, காது மந்தம் கிடையாது அதற்கு. தறிச்சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வீட்டுப் பிள்ளை அதன் வாய்க்குள் கத்தினால், அது தாங்கும் அளவுக்கு மேல் போய், குரல் கிழிந்து, முள் நிற்கிற இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வழிகிறது. அன்றைக்கு அப்படி வழிந்ததுதான் புயல் செய்தி மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு நான் அவரைச் சும்மா விடவில்லை. புடவைக் கடைக்குப் போகிற மனிதரை உட்கார வைத்து, புதிதாகப் பேசுகிறவன் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். முதல் காரியம், பெட்டியைப் போட்டதும் பேசாதே. கேள். முள்ளை ஓர் இடத்தில் நிறுத்தினால் அங்கேயே கொஞ்ச நேரம் இரு. உனக்குச் சத்தம் கேட்கவில்லை என்பதால் அங்கே யாரும் இல்லை என்று ஆகாது. இரண்டு பேர் பேசும்போது ஒருவர் குரல் உனக்கு வரும், இன்னொருவர் குரல் உனக்கு எட்டாது. அவர் பேசுகிற நேரம் உனக்குக் காலி மாதிரித் தெரியும். அன்றைக்கு அதுவும் நடந்தது. தெற்கே கடலோரத்திலிருந்து ஒருவர் பேட்டரியை வைத்துக்கொண்டு மெல்லிசாகப் பேசிக்கொண்டிருந்தார், எந்தச் சாலை உடைந்திருக்கிறது, மருந்து லாரி எப்படி வர வேண்டும் என்று. அதனால், நிறையக் கேட்ட பிறகும், "இந்த இடம் காலியா?" என்று ஒரு தடவை கேட்டு, உன் குறியைச் சொல்லி, காத்திரு. மறுபடியும் கேள். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் கூப்பிடு. கூப்பிடுவதும் சின்னதாக இருக்கட்டும். கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டதை விட அதிக நேரம் காதைக் கொடு. கூவிக்கொண்டே போகிற தயிர்க்காரியை யாரும் நிறுத்தி வாங்க முடியாது.

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள், ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவனோடு பேசுகிற குரலில் பேசு. நம் வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கிறவனோடு பேசுகிற குரல் இல்லை, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் நீ பேசினாயே, அந்தக் குரல். மைக்கின் அளவைக் குறைத்து வை. மெதுவாகச் சொல். உன் குறியில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகளை வெறும் எழுத்தாகச் சொன்னால் ஒன்று இன்னொன்று மாதிரிக் கேட்கும், அதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வார்த்தைகள் இருக்கின்றனவாம், நீயே அல்ஃபா, பிராவோ என்று தறி ஓரம் நடந்து நடந்து படித்தாய். அதையே சொல், நீயாக வேறு வார்த்தை கண்டுபிடிக்காதே. தந்திக்காக வைத்த மூன்றெழுத்துக் குறிகளை வாயால் பேசும்போதும் அள்ளி வீச வேண்டாம், நிறுத்துகிறேன் என்றால் நிறுத்துகிறேன் என்றே சொல்லலாம் என்றார். ஒருவர் முடித்ததும் உடனே சுவிட்சைத் தட்டாதே. நடுவில் இரண்டு மூச்சு விடு. அவசரம் உள்ளவன் எவனாவது இருந்தால் அந்தச் சந்தில்தான் நுழைவான். நம் தறியில் சுலோசனா நாடா வாங்குகிற வரைக்கும் நான் அடுத்த மிதியை மிதிக்கிறேனா? மிதித்தால் இழை போய்விடும். அதே பொறுமைதான். இது உனக்குப் புதிதில்லை, பத்து வயதிலிருந்து செய்திருக்கிறாய்.

இன்னொன்று, சோதனை. பெட்டியைச் சரிபார்க்கிறேன் என்று நீ ஏரியலோடு வைத்து விசில் அடிக்கிற மாதிரி நீளமாக விட்டாயே, அது பேசிக்கொண்டிருக்கிறவர்கள் காதில் ஆணி அடிக்கிற வேலையாம். ஏரியலைக் கழற்றிவிட்டு, வீட்டில் எரிகிற சாதாரண பல்பு ஒன்றை அந்த இடத்தில் மாட்டி, அதில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்துச் சரி செய். எல்லாம் ஒத்து வந்த பிறகு ஏரியலுக்கு மாற்றி, ஒரு நொடி பார்த்து நிறுத்து. நாம் பாவு நூலைத் தெருவில் நீட்டிப் பார்த்து, அறுந்த இழைக்கு எல்லாம் முடிச்சுப் போட்ட பிறகுதானே தறியில் ஏற்றுகிறோம்? தறியில் ஏற்றிவிட்டு முடிச்சுப் போடுகிறவனை மேஸ்திரி என்ன திட்டுவார் என்று உனக்குத் தெரியும்.

உன் குரல் எப்படி வருகிறது என்று கேட்டால் எல்லோரும் ஐந்து ஒன்பது, ஐந்து ஒன்பது என்று சொல்லிவிடுவார்களாம். அதுதான் நல்ல குரலுக்கு உள்ள எண். மரியாதைக்குச் சொல்வது. சார் சொன்னார், "எனக்குக் குரல் சரியா வராதவனுக்கும் அதையே சொன்னா, அவன் தன் கோளாறை எப்பத்தான் திருத்துவான்?" நீயும் பொய் எண் கொடுக்காதே. கரை ஒரு விரல் கோணியிருக்கிற புடவையை நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவன் சிநேகிதன் இல்லை. உன்னிடம் ஒருவர் சிதறுகிறது என்றால் கோபப்படாமல், "எப்படிச் சிதறுகிறது? மைக்கிலிருந்து தள்ளிப் பேசினால் சரியாகிறதா?" என்று திருப்பிக் கேள். அன்றைக்கு அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் அதே காலையில் தீர்ந்திருக்கும். கூட்டம் கூட்டமாக ஐந்து ஒன்பது வாங்குவதை விட, சிதறுகிறது என்று சொல்கிற ஒரு மனிதர் கிடைப்பது பெரிது. உனக்குக் கிடைத்தார். நீ பெட்டியை அணைத்தாய்.

அக்கம்பக்கத்து விஷயமும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு தேசம்மா நினைவிருக்கிறதா? நீ முதன்முதலில் சோதனை செய்த அன்றைக்கு, பாட்டு கேட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியோடு வந்து நின்றாள். "இன்னாபா ஏகாம்பரம், பாட்டு நடுவுல ஹலோ ஹலோன்னு நீதான் வர்றியா? சோத்தக் கிண்டிக்கினு இருந்தவ பயந்து கரண்டியப் போட்டுட்டேன். ஹீரோயினுக்கு நீதான் பதில் சொல்றியா?" நீ சிரித்துவிட்டு, "ரேடியோவ மாத்துக்கா" என்றாய். அது தப்பு. அவளுடைய ரேடியோவில் குறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் புகார் சொல்லி வந்தவளிடம் உன் லைசென்ஸைக் காட்டாதே. அவள் வீட்டுக்குப் போ. எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு வருகிறது என்று அங்கேயே உட்கார்ந்து கேள். உன் பெட்டிக்குத் தரைக்கம்பி சரியாக இருக்கிறதா என்று பார். அவள் ஏரியல் கம்பியைத் தள்ளிக் கட்டித் தரலாம். அதுவரைக்கும் பாட்டு நேரத்தில் பேசாதே. இப்போது நானே அவளிடம் பேசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு முடிந்த பிறகு நீ பேசலாம். "பாட்டு முடிஞ்சப்புறம் அவன் பேசினா பேசட்டும்பா, அப்ப நான் கறி வாங்கப் போயிடுவேன்" என்றாள். தெருவில் பகை வைத்துக்கொண்டு பாம்பேக்காரனோடு சிநேகிதம் பேசி என்ன பிரயோசனம்?

உயிர் சம்பந்தப்பட்டதைச் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டேன். ஏரியல் கம்பியை எங்கே கட்டினாலும், அது அறுந்து விழுந்தால் கரண்டுக் கம்பி மேல் விழாத இடமாகப் பார். கட்டுகிற போதும் மூங்கில் சாய்ந்தால் எங்கே சாயும் என்று முதலில் பார். இடி இடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டாலே கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடு, பேச்சு பாதியில் நின்றால் நிற்கட்டும். பெட்டியை அணைத்துவிட்டோம் என்று உடனே உள்ளே கை விடாதே. அணைத்த பிறகும் அதற்குள் கரண்டு தேங்கி நிற்கும். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, காத்திருந்து, மரப்பிடி போட்ட கம்பியால் தேங்கியதைத் தரைக்கு இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். அப்போதும் ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். இன்னொன்றும் இருக்கிறது. நாம் முதன்முதலில் ஏரியல் கட்டினபோது கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, நுனியை மூங்கிலோடு சேர்க்க, தறியில் வெட்டிப் போட்ட மிச்ச நூலைத் திரித்துக் கட்டினோமே. பட்டு நூல்தானே, கரண்டு போகாது என்று நீ சொன்னாய். பட்டு போகாதுதான். அதில் கரை ஜரிகை கலந்திருந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. ஜரிகை வெள்ளிதானே! நீ சுவிட்சைப் போட்டதும் நுனியில் பொறி பறந்து மூங்கில் புகைந்தது. கோபால்சாமி சாரிடம் இதைச் சொன்னபோது, "வெள்ளிக் கயிறு கட்டி ஏரியல் போட்டது இந்தியாவிலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றார். கம்பி நுனியில்தான் கரண்டு வேகம் அதிகமாம். அந்த இடத்துக்குக் கரண்டைத் தடுக்கிற பீங்கான் முட்டைதான் போட வேண்டும், வேறு எதையும் வைத்து ஒப்பேற்றக் கூடாது.

எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதும் இருக்கிறது. உன் சித்தப்பா அன்றைக்கே ஆரம்பித்தார். "ஏண்டா, பாம்பே எட்டுதுன்னா, அங்க பட்டு இன்னா ரேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்." சார் அதைக் கேட்டதும் இரண்டு கையையும் ஆட்டிவிட்டார். வியாபாரம் கூடாது. கட்சி கூடாது. சாமிச் சண்டை கூடாது. இன்னொருவருக்காகச் செய்தி கொண்டு போவதற்கும் சட்டம் என்ன அனுமதிக்கிறதோ அவ்வளவுதான். உன் பெட்டி என்ன, ஏரியல் எவ்வளவு உயரம், வெயிலா மழையா, குரல் எப்படி வருகிறது, இதைப் பேசினாலே பொழுது போதாது. பேசினதை எல்லாம் நேரத்தோடு அன்றன்றைக்கே எழுதி வை, அது விதி. உன்னைத் தவிர வேறு யாரும் அந்த மைக்கில் பேசக்கூடாது, பேசினால் உன் லைசென்ஸ் போய்விடும். அதனால்தான் சார் எதிரில் நின்றபோது கூட நான் மைக்கைத் தொடவில்லை. தந்தி தட்டுவதிலும் ஒன்று சொன்னார். உன்னால் எந்த வேகத்தில் கேட்டு எழுத முடியுமோ அந்த வேகத்தில்தான் தட்ட வேண்டும். வேகமாகத் தட்டினால் எதிராளியும் வேகமாகவே பதில் தட்டுவான், உனக்குப் பாதி புரியாது, புரிந்த மாதிரி நடிப்பாய். உன்னை விட மெதுவாகத் தட்டுகிறவன் வந்தால் அவன் வேகத்துக்கு நீ இறங்கு. வேகம் தானாகக் கூடும். நாடா பிடிக்கத் தெரியாத கையை யாரும் முதல் நாளே, கரையைத் தனி நாடாவால் கோர்க்கிற கோர்வைத் தறியில் உட்கார வைப்பதில்லை.

கல்யாணம் ஆனதும் உனக்குக் காஞ்சிபுரத்துக்கே வேலை மாற்றலாம் என்று சொன்னாய், செவிலிமேட்டில் குடித்தனம் என்றும் சொன்னாய். நல்லது. அந்த வீட்டில் பேச வேண்டுமானால் முதலில் புது விலாசத்துக்கு அனுமதி வாங்கு, அதுவரைக்கும் நம் வீட்டுக்கு வந்து பேசு. வருகிற பெண்ணிடம் இதை மறைக்காதே. முதல் மாதத்திலேயே பெட்டி முன்னால் உட்கார வைத்துக் கேட்கச் சொல். கேட்பதற்கு யாரும் தடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதன் முன்னாலேயே உட்கார்ந்து கிடந்தால் அவள் அந்தப் பெட்டியை வெறுப்பாள், வெறுத்தால் நியாயம் அவள் பக்கம்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பேசு, அணை, எழுந்திரு. சாப்பிடக் கூப்பிட்டால் எதிராளியிடம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ. அவர்களும் வீட்டில் சாப்பிடுகிறவர்கள்தான்.

இனி நடந்த காரியத்தைச் சொல்கிறேன். கோபால்சாமி சார் போன மறுநாள் வேலூர்க்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. பெட்டியைத் துணியால் துடைத்துப் பார்த்தார், கதவைத் திறந்து வால்வைப் பார்த்தார், "பையன் நல்லா கட்டியிருக்கான், சோல்டர் சுத்தமா இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "எடுத்துட்டுப் போகலாமா?" என்றார்.

"எடுத்துக்கினு போகக்கூடாது சார்" என்றேன்.

"உங்க பையன் எழுதியிருக்காரே."

"எழுதினான். அவன் கையால நிறுத்தினான், அவன் கையாலதான் குடுக்கணும். தபால்ல குடுக்கக்கூடாது."

"அப்ப நான் வீணா வந்தேனா?"

"சாப்ட்டுப் போங்க. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாங்க. அவன் இருப்பான். அவன் குடுத்தா எடுத்துக்கினு போங்க, நானே கயிறு போட்டுக் கட்டித் தரேன்."

அவர் முகத்தைச் சுளித்தார், பிறகு சாப்பிட்டார், சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வருகிறார். அன்றைக்குக் காலையில் கோபால்சாமி சார் திண்டிவனத்தில் உன் குரலுக்காக உட்கார்ந்திருப்பார். முள்ளை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது சுலோசனாவுக்குத் தெரியும், தனித் தாளில் எழுதி வைக்கிறாள். "நான் அவனைக் கூப்பிட மாட்டேன், அவன்தான் கூப்பிடணும். கேட்டா, உள்ளதை உள்ளபடி சொல்வேன். சிதறினா சிதறுதுன்னுதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். மறுபடியும் சிதறினால் என்ன செய்வது என்று நீ யோசிப்பாய். சிதறட்டுமே! தள்ளி உட்கார், குரலை இறக்கு, திரும்பக் கேள். முதல் புடவையை நீ கோணாமலா நெய்தாய்?

தறி நின்றால்தான் பேச முடியும் என்று சொல்லாதே. அமாவாசை தவிர நாம் தறியை நிறுத்துவதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கும் நிறுத்தப் போவதில்லை. நானும் உன் சித்தப்பாவும் பெட்டியைப் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டோம். கதவுக்கு ஜமுக்காளம் கட்டியாகிவிட்டது. ஏரியல் நுனிக்குப் பீங்கான் முட்டை போட்டாகிவிட்டது. கழற்றிய இணைப்பு எதையும் நாங்கள் திரும்ப மாட்டவில்லை, அது உன் வேலை. உள்ளே உட்கார்ந்து பார்த்தேன், தறிச் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் கேட்கிற மாதிரித்தான் கேட்கிறது. அங்கே கத்த வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சனிக்கிழமை கடைசி பஸ்ஸுக்காவது வா. ஞாயிறு காலையில் பேசு. பேசி முடித்து, வெட்கம் எல்லாம் போன பிறகு, நிதானமாக யோசித்து, எனக்கு இது வேண்டாம் என்று நீ சொன்னால், அது உன் இஷ்டம். மறு வார்த்தை பேச மாட்டேன். சாயங்காலம் அந்தப் பெட்டியை நானே என் தலையில் வைத்து வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறேன். ஆனால் பேசாமல் விற்கிற பேச்சு இந்த வீட்டில் கிடையாது. வர முடியாது என்று இன்னொரு கார்டு போடாதே. போட்டால் சுலோசனாவைப் படிக்கச் சொல்ல மாட்டேன்.